பதிலுக்கு யார் நிற்கிறார்கள்?

ரோஸலின் மேடம் காலமாகிவிட்டார் என்று தாராபுரத்திலிருந்து போன் வந்தபோது, அடுத்த மாத டியூட்டி ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். கோவையில் எங்கள் மருத்துவமனையின் நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். கம்ப்யூட்டரில் டியூட்டி போடும் வழக்கமே அவரால் வந்ததுதான். பிரிண்டரை நிறுத்திவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாருக்கு எந்த வார்டு, எந்த ஷிப்ட் என்று முன்பெல்லாம் அவரே கையால் எழுதிப் போடுவார். நைட் விழுந்தவர்கள் அவர் அறைக்குப் போய் அழுவார்கள். ஒருவருக்கு இரங்கினால் இன்னொருவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். "எனக்குக் கெட்ட பேரு போதுமுங்க சார். இனி அந்தப் பொட்டி வாங்கிக்கட்டும்" என்று, கணக்குப் பிரிவில் கம்ப்யூட்டர் பழகியிருந்த என்னை வந்து பிடித்தார். நானும் மாய்ந்து மாய்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். எல்லோருக்கும் சமமான நைட், சமமான லீவு.

அப்புறம் என்ன, அழுகை என் மேஜைக்கு இடம் மாறியது. "அதுகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க சார்" என்று முறுக்குப் பொட்டலத்தோடு வந்தவர்களும் உண்டு. மேடம் கதவோரம் நின்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்றது சரோஜா விஷயத்தில். மேட்டுப்பாளையத்துப் பக்கத்துப் பெண், கெட்டிக்கார நர்ஸ். ஊர் மாரியம்மன் திருவிழாவான நோம்பியன்று அவருக்கு நைட் விழுந்துவிட்டது. "பையன் பொழச்சு வந்தா மாவெளக்கு எடுக்கறேன்னு வேண்டியிருக்கறனுங்க. லீவு இல்லீன்னா எனக்கு வேலையே வேண்டாமுங்க" என்றார். தேதியை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும் என்றேன் நான்.

"ஏனுங்க சார், கோயில்ல பூச்சாட்டுனாத்தான நோம்பி எப்பன்னு ஊருக்கே தெரியும்? நீ போயிட்டு வா அம்மணி" என்றார் மேடம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அந்த நைட்டுக்குத் தாமே யூனிபார்ம் உடுத்தி வார்டில் நின்றார்.

மறுநாள் என்னிடம் வந்தார். "ஆளுக்கு வருசத்துல ஒரு நாள், எப்ப வேணாலும் கேக்கலாமுன்னு பொட்டிக்குச் சொல்லிக் குடுங்க. நோம்பியோ கிறிஸ்துமஸோ, காரணம் கேக்காதீங்க. பதிலுக்கு யாரு நிக்கறாங்கன்னு மட்டும் கேளுங்க." அப்படியே எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை அந்தக் கேள்வி திரையில் வந்துகொண்டிருக்கிறது.

இப்போது மேடத்தின் அடக்கத்துக்குப் போக நர்ஸுகள் எல்லோரும் அந்த ஒரு நாளைக் கேட்டு வந்தார்கள். பதிலுக்கு யார் என்று கம்ப்யூட்டர் கேட்டது. பதிலுக்கு நிற்க வேண்டியவர்களும் கிளம்பி நின்றார்கள். வார்டைப் போட்டுவிட்டு எப்படிப் போவது?

"எம்பேரப் போடுங்க சார்" என்றார் சரோஜா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நீங்க மேடத்தப் பாக்க வேண்டாமுங்களா?"

"அன்னைக்கு எனக்காக அவங்க நின்னாங்கல்லீங்க."

அவரைப் பார்த்து இன்னும் சிலர் பெயர் கொடுத்தார்கள். மற்றவர்களோடு வேனில் தாராபுரம் போய்ச் சேர்ந்தேன். குழியில் ஒரு பிடி மண்ணைப் போடும்போது மனதுக்குள் சொன்னேன். போயிட்டு வாங்க மேடம். வார்டுல ஆளு நிக்குதுங்க.