முள் காட்டிய எழுநூறு

சங்ககிரியில் இருபத்தெட்டு வருடம் லாரி இன்ஜின் பார்த்தவன் நான். காவிரித் துறைகளில் மோட்டார் படகு ஓட ஆரம்பித்த பிறகு படகின் பின்னால் மாட்டுகிற அவுட்போர்டு இன்ஜின் வேலைக்கும் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் இரண்டு லாரி முடித்திருந்தேன். இடுப்பு நிமிரவில்லை. படகுக்காரர் செங்கோடன் போன் செய்தார். கரையை நெருங்கி ஆக்சிலேட்டரைக் குறைத்தால் இன்ஜின் நின்றுவிடுகிறதாம், படகைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறதாம். ஸ்பானர் பையோடு துறைக்குப் போனேன்.

ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காத மெதுவான ஓட்டத்தில், அணைந்துபோகிற இன்ஜினுக்குக் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் போகிற சின்னத் துளையான ஐடில் ஜெட்டில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரியும். உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஐடில் ஸ்க்ரூவை மட்டும் திருகி, இன்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்.பி.எம். மீட்டரின் முள் சரியான அளவான எழுநூறுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

செங்கோடன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஏனுங்க, சத்தம் தூக்கலா இருக்குதுங்களே?"

"மீட்டரு எழுநூறு காட்டுதுங்க. அப்புறமென்ன?" என்றேன். என் காதுக்கும் தூக்கலாகத்தான் கேட்டது.

அடுத்த டிரிப்பில் கியர் போட்டதும் படகு துள்ளிப் பாய்ந்தது. அக்கரை நூல் மில்லுக்கு ஷிப்ட் போகிற சரசு அப்போதுதான் உட்காரப் போனார். குறுக்குப் பலகையில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. நான் கரையில் ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மீட்டர் வயரைத் தடவிக்கொண்டே போனேன். எர்த் வயரின் முனை பச்சைக் களிம்பு பூத்து லூசாகக் கிடந்தது. சுரண்டி முடுக்கி இன்ஜினை ஓடவிட்டதும் முள் ஆயிரத்து நானூறுக்குப் போய் நின்றது. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிற இன்ஜினில் கியர் போட்டால் படகு துள்ளத்தான் செய்யும். பிறகு கார்புரேட்டரைக் கழற்றினேன். ஐடில் ஜெட்டில் பழைய பெட்ரோல் பிசினாக அடைத்திருந்தது. சுத்தம் செய்து, ஸ்க்ரூவை இறக்கி, சரியான ஐடிலில் நிறுத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் சரசு வீட்டுக்குப் போனேன். செங்கோடன் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்று சொன்னேன். சரசு தன் கை மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையிலதானுங்க அறுந்த நூலைப் புடிச்சு முடிச்சுப் போடோணும்" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மீட்டரும் ரிப்பேர் ஆகிற சாமான்தான். முள் ஒன்று சொல்லி, காது வேறு சொன்னால், வயரைப் பார்க்காமல் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். உடம்பு முடியாத நாளில் "நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் படகு நின்றிருக்கும், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்றைக்கு அது வாயில் வரவில்லை.