கொரட்டூரில் இறங்காதவள்

பெத்த மனம் பித்து என்பார்கள். சுதாவுக்கு அந்தப் பித்து பன்னிரண்டு வருஷமாக முற்றிக்கொண்டே வந்தது. மகள் பவ்யா ஏழு வயதில் பூந்தமல்லி மார்க்கெட்டில் கை நழுவிப் போனாள். இரண்டு மணி நேரம் தேடி, ஒரு வாழைக்காய்க் கடைக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த மணிக்கட்டை, மகளுக்குப் பத்தொன்பது ஆன பிறகும் சுதா விடவில்லை.

பவ்யாவுக்கு ஆட்டிசம். மூன்று பள்ளிக்கூடங்கள் கைகழுவிவிட்டன. அனா ஆவன்னாவுக்கு உட்காராத பெண், நெமிலிச்சேரி ஸ்டேஷனின் மஞ்சள் போர்டைப் பார்த்து எழுத்துப் படித்தாள். எட்டு வயதில் பட்டாபிராம் தொடங்கி வில்லிவாக்கம் வரை ஸ்டேஷன் பெயர்களை வீட்டுச் சுவரெல்லாம் எழுதி வைத்தாள். வெள்ளையடித்த சுவர்தான், போனால் போகட்டும்! இப்போது கொரட்டூரில் ஒரு பயிற்சி மையத்தில் துணிப்பை தைக்கக் கற்கிறாள்.

ரயிலில் சுதா கூடவே போவாள். கொரட்டூரில் வண்டி நின்றதும் "எறங்கு கண்ணு" என்பாள். சொன்ன நொடி பவ்யா இறங்குவாள். சொல்லாமல் ஒருநாளும் இறங்கியதில்லை.

"நாளைக்குத் தனியா வரட்டும்க்கா," என்றாள் மையத்து டீச்சர் நிஷா. "ஸ்டேஷன தவற உட்டா இன்னா செய்யணும்னு ஆறு மாசமா சொல்லிக் குடுத்துகினு கீறேன்."

"எவனாவது கையப் புடிச்சு இட்டுகினு பூட்டா?"

வீட்டில் புருஷன் ஜெகதீசன் ஒன்றே ஒன்று கேட்டார். "நாம பூட்ட அப்புறம் யாரு சுதா கூடப் போவா?"

 சுதா சரி என்று தலையாட்டினாள். ஆனால் அவளா விடுவாள்? காலையில் மகளுக்கு டாட்டா காட்டிவிட்டு, துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மகள் ஏறிய மகளிர் பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டாள் கள்ளி!

ஆவடி, அன்னனூர், அம்பத்தூர் எல்லாம் கடந்தன. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சுதா தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். கொரட்டூர் வந்ததும் முதல் ஆளாகக் குதித்து ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கினாள்.

மகளிர் பெட்டியிலிருந்து ஆபீஸ் பெண்கள் இறங்கினார்கள். காலேஜ் பெண்கள் இறங்கினார்கள். பவ்யா இறங்கவில்லை. சன்னலோரம் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வண்டி நகர்ந்தது.

"ஐயோ!" சுதா ஓடினாள். சன்னலுக்கு நேரே வந்துவிட்டாள். 'எறங்கு' என்ற சொல் தொண்டை வரை வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொன்னால் இவள் இறங்கிவிடுவாளே! ஓடுகிற ரயிலிலிருந்து, யோசிக்காமல், சொன்ன நொடியில் இறங்கிவிடுவாளே! சுதா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின.

அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பூ விற்கிற முனியம்மா கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தாள். "இன்னா தாயி, இன்னா ஆச்சு?"

"பொண்ணு வண்டிலயே பூட்ச்சுக்கா. அதுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா!"

பவ்யாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? மணியோசை காதைக் குடைகிறது என்று அதை ஊமையாக்கி வைத்ததே சுதாதான். அடுத்த வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம். வாழைக்காய்க் கடையின் இரண்டு மணி நேரம் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் அப்படியே திரும்பி வந்தது. தண்டவாளத்தின் பக்கம் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த வண்டியில் ஏறிய சுதா, அடுத்த ஸ்டேஷனான வில்லிவாக்கத்தில் அது நிற்பதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். பிளாட்பாரக் கடிகாரத்துக்கு நேர் கீழே, காதுகளைப் பொத்திக்கொண்டு பவ்யா நின்றிருந்தாள்.

சுதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஏண்டி, கொரட்டூருல ஏண்டி எறங்கல?"

பவ்யா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மா வண்டில இருந்த. அம்மா இருந்தா அம்மாதான் சொல்லணும். நீ சொல்லல."

"நான் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீல வார் செருப்பு. பக்கத்துப் பெட்டில ஏறுச்சு."

முகத்தை மூடியவள் காலை மறந்துவிட்டாள். மகள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள் என்பது பெற்றவளுக்கே நினைவில்லை.

"அப்புறம் இங்க யாரு எறக்கி உட்டா?"

"நீ கொரட்டூருல எறங்கிட்ட. அப்புறம் வண்டில அம்மா இல்ல. நானே எறங்கினேன். கடிகாரத்துக்குக் கீழ நிக்கணும், நிஷா மிஸ் சொன்னாங்க."

சுதா அந்த மணிக்கட்டைப் பிடிக்கப் போனாள். பிடிக்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நெமிலிச்சேரியில் பவ்யா ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்து, குனிந்து, பிளாட்பாரத்தில் நின்ற நீல வார் செருப்பையே பார்த்தாள்.  ஏறிவிடு, ஏறிவிடு என்று சுதாவின் மனசு அடித்துக்கொண்டது. வண்டி கண்ணுக்கு மறைகிற வரை அவள் அந்தச் செருப்பை ஒரு அடிகூட நகர்த்தவில்லை.