பூட்டிவைத்த கேமரா

அந்தக் கல்யாண போட்டோகிராபருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புது ஜூம் லென்ஸ் தன் கேமராவுக்குச் சேருமா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடையில் வைத்து லென்ஸைக் கழற்றினால் உள்ளே தூசி போய்விடும் என்று தன் கேமராவைப் பீரோவில் பூட்டிவிட்டுப் போய், கடைக்காரரின் கேமராவில் மாட்டிப் பார்த்து வாங்கிவந்தார். வீட்டில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தியது. ஃபோகஸ் மட்டும் தானாக ஆகவில்லை. லென்ஸைச் சுழற்றி ஃபோகஸ் செய்யும் மோட்டார் கடைக்காரரின் கேமராவில் இருந்தது, அவர் கேமராவில் இல்லை.

போனில் கடைக்காரரைப் பிடித்துக் காய்ச்சினார். "பொய் சொல்லி என் தலையில கட்டிட்டீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"உங்க கேமராவக் கொண்டாங்கன்னு மூணு தடவ சொன்னேன் சார்."

போனை வைத்துவிட்டு மனைவி மேல் பாய்ந்தார். "நீயாவது எடுத்துக் குடுத்திருக்கலாம்ல?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பீரோ சாவி உங்க இடுப்புலதான தொங்குது."