வெளிச்சவீட்டுச் சுவரைக் கட்டினவன்

பொகவந்தலாவையில் ஆற்றுக்குக் குறுக்கே நிற்கிற கல்பாலம் நான் கட்டினது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டது நான். ஹட்டன் டவுனில் மூன்று மாடிக் கடை ஒன்று, மண் சரிந்து வந்தபோதும் அசையாத பள்ளிக்கூடத்துப் பின்சுவர், தொழிலாளர் லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த நான் இன்றைக்குக் குடியிருக்கிற ஆறு அறை வீடு, எல்லாம் இந்தக் கையால் எழுந்தவை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எனக்குப் பிளான் பார்க்கத் தெரியாது என்று சிரித்த இஞ்சினியர்மார் கட்டின பாலம் ஒரு மழைக்கே போய்விட்டது. என் பாலத்தில் இன்றைக்கும் பஸ் போகிறது.

இதெல்லாம் ஊர் அறிந்த விஷயம். தெற்குக் கடற்கரையில் நான் கட்டினதைத்தான் ஒருத்தரும் அறியவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. தேயிலை ஃபெக்டரிக்குப் பின்னால் நாங்கள் கட்டின சுவரைப் பார்க்க வந்த, கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒரு கொந்தராத்துக்காரர், "மலையையே புடிச்சு நிறுத்துறீங்க, கடல நிறுத்த மாட்டீங்களா?" என்று கேட்டு, என்னையும் என் மனைவியின் அண்ணனையும் கூட்டிப்போனார். மச்சான் கல்லை உடைக்கிறவர், நான் கட்டுகிறவன். கல்லை ஒரு தட்டுத் தட்டினால் அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். எங்கள் பாட்டன்மார் கடல் தாண்டி வந்தவர்கள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தோம். மச்சான் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இதுக்கு அந்தப் பக்கம் கரையே தெரியலையே" என்றார்.

கப்பலுக்கு வழி காட்டுகிற வெளிச்சவீடு பாறை முனையில் நின்றது. விளக்கைக் கவனித்துக்கொண்டிருந்த சிங்களப் பெரியவர் அடிவாரத்திலேயே குடியிருந்தார். பின்னேரங்களில் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்து, "உங்க ஊர்த் தூள்தான், ஆனா நல்லத எல்லாம் கப்பல்ல ஏத்திட்டு இதத்தான் எங்களுக்கு விடுறாங்க" என்பார். வெளிச்சவீட்டின் கதையை அவர்தான் சொன்னார். வெள்ளைக்காரன் கல்லைச் சீமையிலேயே செதுக்கி, ஒவ்வொன்றிலும் நம்பர் வெட்டிக் கொண்டுவந்தானாம். முதலில் தேங்காயெண்ணெய் விளக்கு, பிறகு மண்ணெண்ணெய், அப்புறம்தான் கரண்ட். கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மண்ணைக் கடல் தின்னத் தொடங்கியிருந்தது. அந்த மண் போனால் கோபுரமும் போய்விடும். அதற்குத்தான் சுவர்.

ஐந்து மாதத்தில் கட்டி முடித்தோம். மலையில் கட்டுகிற மாதிரியே ஐந்தடிக்கு ஒரு ஓட்டை விட்டேன். மலையில் தண்ணீர் மண்ணுக்குள்ளிருந்து வரும். அதற்கு வழி விடாத சுவர் ஒரு மழைக்குத் தாங்காது. அப்படித்தான் எனக்குத் தெரியும். கடலில் தண்ணீர் முன்னாலிருந்து வரும் என்று எனக்கு உறைக்கவில்லை. கொந்தராத்துக்காரருக்கும் உறைக்கவில்லை.

தென்மேற்குக் காற்று எழும்பின வாரம் பெரியவர் வந்து, "பாஸ், உங்க சுவரு விசிலடிக்குது, வந்து கேளுங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் அலை உள்ளே பாய்ந்து, திரும்பும்போது மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது. கோபுரத்துக்கு ஆறு அடி தள்ளி ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு குழி.

மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "மாப்ள, கடலுக்கே வாசல் வச்சுட்டியே" என்று மட்டும் சொல்லிவிட்டு உளியை எடுத்தார். ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்த முளைக்கல் செதுக்கி, அலை பின்வாங்குகிற நேரமாகப் பார்த்துக் கடல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக அடித்து இறுக்கினோம். கடைசிக்கு முந்தின ஓட்டையில் அவர் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அலை வந்து அடித்தது. வலது கையில் மூன்று விரல் நசுங்கிப் போயின. கடைசி ஓட்டையை நான் தனியாக அடைத்தேன்.

மச்சான் அதற்குப் பிறகு உளி பிடிக்கவில்லை. தோட்டத்துக் கேட்டில் காவல் வேலை பார்த்து, போன மாசியில் போய்ச் சேர்ந்தார். குற்றம் என்னுடையது. அதை நான் ஒருநாளும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவருடைய காரியம் முடிந்த பிறகு எனக்கு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நுவரெலியாவில் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற மகள் வேன் பிடித்துக் கூட்டிப்போனாள். விளக்கு இப்போது தானாக எரிகிறது. பெரியவர் இருந்த வீட்டில் டிக்கெட் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் சுவர்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். சுவர் ஒரு நூல் விலகவில்லை. முளைக்கல் எல்லாம் வரிசையாக அப்படியே இருக்கிறது.

மூன்று மொழியில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். மகள் வாசித்தாள். கோபுரமும் சுவரும் வெள்ளைக்காரன் காலத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டவையாம். பக்கத்தில் நின்ற உத்தியோகத்தர் முளைக்கற்களைக் காட்டி, அந்தக் காலத்தில் துப்பாக்கி வைத்துச் சுட விட்ட ஓட்டைகள் என்று நாலைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாத்தயா, அது துப்பாக்கிக்கு இல்ல. நான் தெரியாம விட்டது" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயா எந்த ஊரு?"

"பொகவந்தலாவ."

"அங்க ஏது ஐயா கடல்?" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வாங்கப்பா, வந்த எடத்துலயும் வம்பா?" என்று மகள் கையைப் பிடித்தாள். நான் போகவில்லை. எந்தக் கல் எந்த நாள் அடித்தது, எது கடைசி, எதில் சாந்து கூடிப்போனது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். கடைசிக்கு முந்தின கல்லைத் தொட்டதும் மகள் பக்கம் திரும்பினேன். சின்ன வயசிலிருந்து கேட்ட மாமாவின் விரல் கதையை அவள் சொன்னாள். உத்தியோகத்தர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மனுசன். ஆனாலும், "பலகை மேலிடத்திலிருந்து வந்தது ஐயா, எழுதிப் போடுங்க, பார்ப்போம்" என்றுதான் சொன்னார்.

எழுதிவிட்டேன். கடிதமும் போட்டாயிற்று. வெள்ளைக்காரன் கோபுரத்தைக் கட்டினான், அதில் நான் பங்கு கேட்கவில்லை. அந்தக் கோபுரத்தை இன்றைக்கு வரைக்கும் நிற்கவைத்த சுவர் என்னுடையது. ஓட்டை விட்டதும் நான், அடைத்ததும் நான், மூன்று விரல் கொடுத்தது என் மச்சான். பலகையில் கீழே ஒரு சாண் இடம் காலியாகக் கிடக்கிறது, அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மலைநாட்டுத் தோட்டத்து ஆட்கள் இருவர் கட்டிய சுவர் என்று அதில் எழுத வேண்டும். தப்பையும் சேர்த்தே எழுதட்டும், எனக்கு வெட்கமில்லை. எழுதுகிற வரைக்கும் மாதம் ஒரு கடிதம் போகும்.