சத்தம் சரியில்லாத படங்கள்

நேற்று மாலை திருமுல்லைவாயில் வீட்டில் ஒரு பழைய படம் போட்டேன். அம்மா, நைனா, நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒலியைப் புதிதாகச் சுத்தம் செய்து வெளியிட்டிருக்கிறார்களாம். உண்மைதான், கதாநாயகனின் அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்துவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சண்டை ஆரம்பிக்கும் முன்பே கட்டைவிரல் ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்தது. குறைக்கத் தேவையே இல்லை. விரலுக்கு அது தெரியவில்லை, பாவம்.

அதற்கு அந்த வேலை பழகியது மண்ணூர்பேட்டையில். தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று எங்களுடையது. நைனா, அதாவது என் அப்பா, பிரஸ் ஓட்டினார். இரும்புத் தகட்டை நாள் முழுக்க டமால் டமால் என்று அடித்து வெட்டுகிற இயந்திரம். இப்போதும் தெருவில் யார் சட்டையிலாவது அந்த மெஷின் எண்ணெய் வாடை அடித்தால் எனக்குச் சனிக்கிழமை என்று தோன்றும். அன்றுதான் அந்த வாடையோடு வாடகை டிஸ்க்கும் வீட்டுக்கு வரும். ஒரே டிஸ்க்கில் மூன்று பழைய படங்கள்.

மூன்றிலும் சத்தம் ஒரே லட்சணம். உங்களுக்கும் நினைவிருக்கும். பாட்டும் சண்டையும் வந்தால் சுவர் அதிரும். ஆள் பேச ஆரம்பித்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும், அதன் மேல் வயலின்கள் வேறு ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பேச்சுக்கு ஏற்றி, அடிதடிக்கு இறக்குவது என் பொறுப்பு. கொஞ்சம் அசந்தால் பக்கத்து வீட்டுப் பர்வீன் அக்கா கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னாடி, உங்க ஹீரோ வில்லன அடிக்கிறானா, எங்க ஊட்டு செவுத்த அடிக்கிறானா?"

சில டிஸ்க்குகளில் கீழே ஆங்கில எழுத்து ஓடும். அங்கேதான் என் கொடி பறந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை இன்றும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். தமிழ்ப் படத்தின் ஆங்கில எழுத்தைப் படித்து நைனாவுக்குத் தமிழில் சொல்வேன். ஒருமுறை, "அரசே, உண்டீர்களா?" என்றேன்.

"சித்தாள் வேல செய்ற பொம்பள பெத்த புள்ளையாண்ட அப்டியா கேப்பா?" என்றார் நைனா.

'கிங்' என்று போட்டிருந்தது, நான் என்ன செய்ய? அவள் ராசா என்று கொஞ்சியிருக்கிறாள். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது.

நைனா ஒவ்வொரு வசனத்துக்கும் "இன்னா சொன்னான்?" என்பார். எங்களுக்கும் பாதி கேட்காததால் அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போது வந்திருந்த புதுப் படம் ஒன்று கிடைத்தது. சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. கீழே எழுத்து இல்லை. பர்வீன் அக்காவும் குழந்தையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் இரண்டு பேர் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசினார்கள், பின்னணியில் இசைகூட இல்லை. நைனா என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொன்னான்?"

"நல்லாத்தானண்ணே கேக்குது," என்றாள் அக்கா.

நைனாவின் பார்வை என் வாய்மீது இருந்தது. இத்தனை நாளும் அப்படித்தான் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"டிஸ்க்கு சரியில்ல," என்றார் நைனா.

பிரஸ்ஸில் நிற்பவருக்குக் காது வேண்டும். பக்கத்து ஆள் கத்தினால் அந்த நொடியே கையை இழுக்க வேண்டும். காது மந்தம் என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேலையில்தான் என் படிப்பும் ஓடியது. அக்காவின் வீட்டுக்காரரோ அதே கம்பெனியில் லோடு ஏற்றுபவர்.

அக்கா நைனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குழந்தையை மடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"ஆமாண்ணே, எனக்கே ஒன்னியும் புரியல. பேமானி, இன்னா டிஸ்க்கு குட்துகீறான் பாரு."

மறுநாள் தண்ணீர்க் குழாயடியிலும் அதையே சொன்னாள். டிஸ்க் கடைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "பாப்பா, உங்க தெருவுக்கு எம்மேல இன்னாம்மா கோவம்?" என்று கேட்கும்வரை சொன்னாள்.

அம்மா அப்படி விடவில்லை. "காது போனா போவுது. கை போச்சுன்னா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நைனா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்பெனியில் முட்டிவலி என்று சொல்லி, உட்கார்ந்து செய்கிற பேக்கிங் வேலைக்கு மாறிக்கொண்டார். ஓவர்டைம் நின்றது. அம்மா பக்கத்து கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போனாள். நான் படித்து முடித்தேன்.

அந்த வீடுகளை இடித்துக் கிடங்கு கட்டிவிட்டார்கள். டிஸ்க் கடையும் போயிற்று. பர்வீன் அக்கா பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி. நான் வாங்கிக் கொடுத்த காது மெஷினை நைனா, "தகரத்த தட்டுற மாரி கீது," என்று கழற்றி வைத்துவிட்டார். நேற்று நானும் அம்மாவும் சிரித்தபோது எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சற்றுப் பிந்திச் சிரித்தார். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

அந்தப் படங்கள் அவ்வளவு மோசமாக இரைந்துகொண்டிருந்தவரை, அந்த ஒற்றை அறையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே அளவுதான் காது கேட்டது.