வளைவில் ஹார்ன் அடித்தேனா?

லுணுகலைப் பக்கம் ஹயர் வேன் ஓட்டுகிறவனுக்கு வேறு எது தெரிகிறதோ இல்லையோ, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நானும் பதினோரு வருடமாக அடித்துக்கொண்டுதான் வந்தேன். ஒரே ஒரு வளைவில் அடித்தேனா இல்லையா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பாட்டுச் சத்தம்

அன்று ஹாலிஎலவில் ஒரு சடங்கு வீட்டுக்கு ஹயர். முன் சீட்டில் தாய்மாமன், மடியில் சீர்த்தட்டு. "பாட்ட கூட்டுப்பா" என்று மூன்று தடவை சொன்னார், கூட்டினேன். தேயிலை மலையைச் சுற்றும் வளைவில் திரும்பினால், தலையில் விறகுக்கட்டோடு ஒருவர் நடந்து போகிறார். வேனின் பக்கக் கண்ணாடி விறகு நுனியில் தட்டியது. கட்டு ஒரு பக்கம், ஆள் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள். கால் முறிந்துவிட்டது.

அவர் ராமையா அண்ணன், அந்தத் தோட்டத்திலேயே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஹார்ன் சத்தம் கேட்டதா என்று தாய்மாமனிடம் கேட்டேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்ற நம்பிக்கைதான்.

"எங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீதான் பாட்ட அவ்வளவு சத்தமா வச்சிருந்தியே!" என்றார்.

பெரட்டுக்கள வாய்

நான் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி முறைத்தால், விஷயம் என்னவென்று தெரிவதற்கு முன்பே "தப்புதாங்க ஐயா" என்று சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். அப்படிச் சொன்னால் ஏச்சு பாதியோடு நின்றுவிடும். தோட்டத்தைவிட்டு வந்து வருடக்கணக்காகியும் அந்த வாய் என்னைவிட்டுப் போகவில்லை.

ட்ராஃபிக் சார்ஜன் பைக்கிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, "தப்பு என்னோடதுதான் சார்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, ஹார்ன் அடித்தேன் என்றேன். நல்ல மனிதர், தமிழும் தெரிந்தவர். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஹார்ன் அடிச்சேன்னும் சொல்ற, தப்பு என்னோடதுன்னும் சொல்ற. ரெண்டுல எத நான் எழுத?"

ஆரஞ்சுப் பழம்

மறுநாள் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடிபட்டவரைப் போய்ப் பார்க்காமல் எப்படி இருப்பது? கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்த ராமையா அண்ணன், "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே தம்பி?" என்று விசாரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மனைவி பழத்தை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கவனமில்லாமல் ஓட்டியதாக பதுளைக் கோர்ட்டில் வழக்கு. லைசனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். வழக்கில் தோற்றால் அது எப்போது கைக்கு வருமோ, பிழைப்பே போய்விடும். ஆரஞ்சுக் கதையைக் கேட்டதும் என் சட்டத்தரணி தலையில் கைவைத்தார்.

"முதல்ல தப்பு என்னோடதுன்னு சொன்ன. அப்புறம் பழமும் வாங்கிட்டுப் போன. இனி நான் கோர்ட்ல என்னத்த பேச?"

சாட்சிக் கூண்டு

வழக்கு தவணைமேல் தவணையாகத் தள்ளிப்போனது. லைசன் இல்லாததால், போகும் வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து அடுத்தவன் அடிக்கும் ஹார்னை எண்ணிக்கொண்டு போனேன். கடைசியில் ராமையா அண்ணனைக் கூண்டில் ஏற்றினார்கள். ஊன்றுகோலைக் கம்பியில் சாய்த்துவிட்டு, கேட்பதற்கு முன்பே சொன்னார்: "ஹார்ன் நல்லா கேட்டுச்சுங்க. தலையில சுமை, சட்டுனு ஒதுங்க முடியல. நம்ம தப்புதாங்க ஐயா."

அதே பெரட்டுக்கள வாய்! என்னை விடுதலை செய்தார்கள். லைசனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தேன். சட்டத்தரணி சிரிக்கவில்லை.

"நீ தப்பிச்சிட்ட. அவர்தான் தன் வாயாலயே தப்பு என்னோடதுன்னுட்டாரே, இனி இன்சூரன்ஸ்காரன் அவருக்கு லேசுல நட்டஈடு குடுப்பானா?"

திரும்பும் வழி

அன்று சிநேகிதன் ஒருவன் கோர்ட்டுக்கு ஓட்டி வந்திருந்த என் வேனிலேயே அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். பாட்டுப் போடவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு மலையில் நின்று கவ்வாத்து வெட்ட இனி அவரால் ஆகாது. நட்டஈட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். எதற்கெடுத்தாலும் தப்பை ஒப்புக்கொள்கிற என் வாய், அன்று மட்டும் திறக்கவில்லை. அந்த வளைவு வந்ததும் வேனை ஓரங்கட்டி, "அண்ணே, நெசமாவே ஹார்ன் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டேன். பின் சீட்டில் காலை நீட்டியிருந்தவர் சிரித்தார்.

"எனக்கு எங்க தம்பி ஞாபகம்? நீ அடிச்சிருப்ப. அடிக்காம வருவியா?"

கோர்ட் என்னை விட்டுவிட்டது, ஆனாலும் இப்போதெல்லாம் நேர் ரோட்டில்கூட ஹார்ன் அடித்துக்கொண்டேதான் போகிறேன், லுணுகலையே என்னை ஏசுகிறது.