யாரும் எடுக்காத பூ

போன வருடம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. இணுவிலில் என் சின்னம்மா வீட்டு ஒழுங்கைப் பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கே நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நெல்லியடியில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் வேலை செய்தார். அந்தக் கிளையை மூடப்போகிறார்கள் என்று திடீரென்று சொன்னார்கள். வேலை போகாது, ஆனால் கொழும்பு அல்லது திருகோணமலை, இரண்டில் ஒன்றுக்குப் போக வேண்டும். எது என்பதை அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் இல்லாத காலமென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கேயும் போயிருப்பேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவள் கைக்குழந்தை. மூத்தவனுக்கு ஐந்து வயது, அவனுக்கு முட்டு இருந்தது. மூச்சு இழுப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த வைகாசியில் ஒரு காலை அவனுக்கு முட்டு கூடி, உதடு நீலம் பாரித்து, ஆட்டோவில் என் மடியில் கிடந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனான். விலா எலும்புகள் உள்ளே இழுபட்டு இழுபட்டு வந்ததை என் கை அறிந்தது. அன்றிலிருந்து அவன் தூங்கும்போது பக்கத்தில் இருந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

எந்த ஊருக்குப் போகலாம் என்று அவனைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டேன். "ஈரச் சுவர், தூசு இல்லாத, நல்ல காற்றோட்டமான வீடாப் பாருங்கோ. கூடினா கெதியா ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடிய இடமாயும் இருக்கவேணும்" என்றார். பிரச்சினையே அங்கேதான். கொழும்பில் எங்கள் வசதிக்குக் கிடைத்த வீடு பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கிட்ட இருந்தது. ஆனால் வெயில் எட்டாத மாடி, படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. திருகோணமலையில் கணவரின் நண்பர் பார்த்து வைத்த வீட்டில் கடற்காற்று அள்ளிக்கொண்டு வந்தது. ஆனால் அது ஊருக்கு வெளியே. அவசரத்துக்கு ஒரு ஆட்டோ பிடிப்பதென்றாலும் நடந்து போய்த்தான் பிடிக்க வேண்டும்.

கணவரைக் கேட்டால், "எனக்கு ரெண்டும் ஒண்டுதான். பிள்ளையோடை நிக்கப்போறது நீர்தானே, நீர் சொல்லும்" என்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் சிரிக்க வைக்கப் பார்ப்பார்.

"திருகோணமலையிலை விடியக் கதவைத் திறந்தால் மான் நிக்குமாம். கொழும்பிலை வீட்டுக்காரர் வாடகைக்கு நிப்பார். யோசிச்சுச் சொல்லும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அன்பாகத்தான் என்னிடம் விட்டிருந்தார். ஆனால் அது என் தலையில் பாறாங்கல்லாக இருந்தது. அம்மா கொழும்பு என்றார். மச்சாள் திருகோணமலை என்றார். யாருடன் கடைசியாகக் கதைத்தேனோ அவர் சொன்ன ஊருக்கே என் மனம் போய்விடும். தொலைபேசியை வைத்த கையோடு மற்ற ஊர்தான் சரி என்று தோன்றும்.

சின்னம்மாதான் வழி சொன்னார். "ஏன் பிள்ளை கிடந்து மண்டையை உடைக்கிறாய்? வெள்ளிக்கிழமை வா, பூக்கட்டிப் பாப்பம்."

பூக்கட்டிப் பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, எது எதுவென்று தெரியாதபடி சுவாமி காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிள்ளையின் கையில் வருவது சுவாமியின் சொல். கலியாணப் பேச்சுக்கும் காணி விற்பதற்கும் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள். மூச்சுக்குழாய் ஏன் சுருங்குகிறது என்று எனக்குத் தெரியும். அப்படி இருந்தும் சின்னம்மா சொன்னதைக் கேட்டதும் பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சு இலேசானது. பிள்ளையார் சரியான ஊரைக் காட்டுவார் என்ற நம்பிக்கையில் வந்த நிம்மதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி இணுவிலுக்குப் போனேன். காலைப் பூசை முடிந்து ஆட்கள் குறைந்திருந்தார்கள். சின்னம்மா முதல் நாளே ஐயரிடம் சொல்லி வைத்திருந்தார். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வலரி. வெள்ளை என்றால் திருகோணமலை, சிவப்பு என்றால் கொழும்பு என்று நான் மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். ஐயர் வாழையிலைத் துண்டில் மடித்து, நூலால் கட்டி, தட்டில் போட்டுக் குலுக்கி, உள்ளே கொண்டுபோய் வைத்துத் தீபம் காட்டினார். பிறகு தட்டோடு வாசலுக்கு வந்து, "பிள்ளை ஒண்டைக் கூப்பிடுங்கோ" என்றார்.

எடுப்பது சொந்தப் பிள்ளையாக இல்லாமல் இருந்தால் நல்லது என்பார்கள். தூணடியில் ஒரு பெண் தன் மகளின் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். மகளுக்கு ஏழு வயதிருக்கும், இரட்டைப் பின்னல். நான் அவர்களிடம் போனேன். பிள்ளையைப் பழக்கப்படுத்துவதற்காக, மகனுக்கென்று கைப்பையில் வைத்திருந்த டொபிகளில் இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ஒன்று சிவப்புத் தாள், மற்றது மஞ்சள்.

"உங்களுக்கு எது வேணும் குஞ்சு? எடுங்கோ."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கூச்சம் என்று நினைத்தேன். ஆனால் அவள் டொபியைப் பார்க்கவேயில்லை. தாயின் முகத்தையே பார்த்தாள். தாய் ஒன்றை எடுத்து அவளுடைய வாயில் வைத்த பிறகுதான் மென்றாள்.

"அக்கா, மகளை ஒருக்கா விடுவீங்களே? ஒரு பூ எடுக்கிறதுக்கு."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மகளை வெளியே கிணற்றடியில் போய்க் கால் கழுவச் சொன்னார். அவள் தூரப் போகும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் கதைத்தார்.

"கோவிக்காதேங்கோ தங்கச்சி. இவள் எடுக்கமாட்டாள். நான் விடவும் மாட்டன்."

"ஏனக்கா?"

"முந்தி இஞ்சைதான் ஒருக்கா எடுத்தவள். எங்கடை பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நெஞ்சிலை ஒப்பரேசன் செய்யிறதோ விடுறதோ எண்டு அந்த அம்மா பூக்கட்டினவ. வேண்டாம் எண்டு வந்தது. கொஞ்ச நாளிலை ஐயா செத்துப்போனார்." அவர் குரலைத் தாழ்த்தினார். "செத்தவீட்டுக்கு இவளையும் கூட்டிக்கொண்டு போனன். அந்த அம்மா இவளைக் கண்ட உடனை, 'இந்தக் கையாலைதானே ராசாத்தி எடுத்தனி' எண்டு இவளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு குளறி அழுதா. அவவிலை பிழை சொல்லேலாது, அவவின்ரை துக்கம் அது. ஆனா இவளுக்கு அண்டையோடை போச்சு. ரெண்டு சட்டையை வைச்சு எது வேணும் எண்டு கேட்டாலும், நீங்களே எடுங்கோ அம்மா எண்டுவாள். பள்ளிக்கூடத்திலையும் அப்பிடித்தானாம்."

நான் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சின்னம்மா குறுக்கிட்டார்.

"சந்நிதியிலை நிண்டு என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? எங்கடை அலுவல் என்ன சாவு அலுவலே? ஊர் மாறுற அலுவல்."

அந்தப் பெண் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தார். அவன் அன்றும் மெல்லிய விசில் சத்தத்தோடுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"இவருக்காகத்தானோ?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஐயர் தட்டோடு நின்றார். சின்னம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வேறை பிள்ளை ஏன்? இவன் இருக்கிறான்தானே. வா ராசா, வந்து ஒண்டை எடு."

மகனுக்கு ஒரே சந்தோஷம். "நான் எடுக்கிறன், நான் எடுக்கிறன்" என்று பாய்ந்து போய்க் கையை நீட்டினான். அவனுடைய விரல் இலையில் படப்போன நேரம் நான் அவனது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். பலமாகவே பிடித்துவிட்டேன். அவன் வீரிட்டு அழுதான்.

அந்த ஒரு கணத்தில் என் மனதில் வந்தது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். எந்த ஊர் என்று தெரியவில்லை. கட்டிலில் இவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறான். யாரோ பக்கத்தில் நின்று, "நீ எடுத்த பூதானேடா" என்கிறார்கள். பகிடியாக, விளையாட்டுக்குச் சொன்னதாகக்கூட இருக்கலாம். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம். களைத்துப்போன ஒரு பொழுதில் என் வாயிலிருந்து அது வராது என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

சின்னம்மா சொன்னதைக் கேட்டு அன்று என் நெஞ்சு இலேசானது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. முடிவு பிழையாகிப்போனாலும் யாரும் என்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"ஐயா, வேண்டாம். பிரிக்காதேங்கோ" என்றேன்.

"வைச்ச பூவைப் பாக்காமல் போறதோ? ஒருக்காப் பிரிச்சாவது பாப்பம்" என்றார் சின்னம்மா.

ஐயர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு பொட்டலங்கள் இரண்டையும் அப்படியே வாடிய பூக்கள் போடும் கூடைக்குள் போட்டுவிட்டார். "வீட்டை போய் அவரோடை கதையுங்கோ பிள்ளை" என்று திருநீறு தந்தார். என் கண் அந்தக் கூடையிலேயே கிடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எது எதில் இருந்தது என்று அறிய இப்போதும் சில நேரம் ஆசை வரும்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லவேண்டும் என்று திரும்பினேன். மகனின் அழுகையை அடக்குவதற்குள் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். ஒழுங்கையில் இரட்டைப் பின்னல் தாயின் பக்கத்தில் நடந்து போவது மட்டும் தெரிந்தது.

சின்னம்மா அன்று மத்தியானச் சோறு போட்டாரே தவிர என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பகிடி விடவில்லை.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு உண்மையிலேயே ரெண்டும் ஒண்டுதானோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா. எனக்குக் கொழும்புதான் நல்லதெண்டு பட்டது. ஆஸ்பத்திரி கிட்ட. ஆனா நான் சொல்லி, அங்கை போய் அவனுக்கு ஏதும் நடந்தால்?" அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "எனக்கும் பயம்தான். அதாலைதான் உம்மைச் சொல்லச் சொன்னனான்."

இத்தனை நாளும் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எனக்குத் திருகோணமலைதான் படுகிறது, அந்த ஈரச் சுவரை நினைத்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அன்று நாங்கள் கதைத்தோம், சண்டையும் பிடித்தோம். கடைசியில் திருகோணமலை என்று முடிவானது. ஆனால் அந்தக் கடற்காற்று வீட்டை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, ஊருக்கு நடுவில், அதைவிடச் சின்னதாக ஒரு வீட்டை எடுத்தோம். மான்கள் ஒருநாள் உண்மையாகவே வாசல் படலையடியில் வந்து நின்றன.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். கார்த்திகை மழையோடு மகனுக்கு முட்டு வந்தது, வைகாசியில் வந்ததைவிடக் கடுமையாக. ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். கொழும்புக்குப் போயிருந்தால் இது வந்திருக்காதோ என்று நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். வேலையிடத்திலிருந்து நனைந்தபடி ஓடி வந்த கணவர் என்ன சொல்லப் போகிறாரோ என்றும் பயந்தேன். அவர், "நாங்கள் ரெண்டுபேரும் சேந்துதானே வந்தனாங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

கொழும்பா திருகோணமலையா என்ற கேள்வி இன்னும் என்னை முழுதாக விட்டுவிடவில்லை. மகனுக்கு மூச்சு இழுக்கும் நாட்களில் அது திரும்பி வரும். ஆனால் அன்று கட்டிலில் கிடந்தபடி, முகத்தை மூடிய அந்தக் கருவிக்கு மேலால், அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்களில் நோவு இருந்தது, பயம் இருந்தது. இது தன்னால் வந்தது என்ற எண்ணம் மட்டும் இருக்கவில்லை. கோயிலில் கண்ட, பெயர் தெரியாத அந்தத் தாய் எனக்குத் தந்துவிட்டுப் போனது அதைத்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.